அடுப்பில்லாத பொதி

— மொதல்ல இருந்து சொல்லு புள்ள. பாதியில புடிச்சுச் சொல்லாத.

— எத்தன தடவ மாமா சொல்றது?

— அவனத் தேடி மலைக்குப் போறதுக்கு முந்தி ஒரு தடவ காதுல வாங்கிக்கிறேன். உனக்கு என்னா நட்டம்? சொல்லு.

— இந்த எடத்துலதான் குந்திக்கிட்டு ரொட்டிக்கு மாவு பெசஞ்சேன். ‘அந்த மண்ணெண்ண அடுப்பத் தூக்கிக்கிட்டு மலையேற ஏலுமா, சின்ன கேஸ் அடுப்ப எடுத்துட்டுப் போங்க’ன்னேன். ‘சின்னதுல சோத்துப்பான நிக்காது நிஷாந்தி, வெள்ளக்காரங்க ஒரு கூட்டமே வருது, அத்தன வயித்துக்கும் நாந்தான் சமையக்காரன்’னாரு.

— அப்புறம்?

— ‘அவங்க நூடுல்ஸ் தின்னுட்டுப் படுத்துருவாங்க’ன்னேன். ‘இந்த விஜிதரன் கையால சோறு தின்னவன் அப்புறம் நூடுல்ஸத் தொடமாட்டான்’னாரு. சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கிட்டே சிரிச்சாரு.

— சிரிச்சான், என் மகன்.

— ஆமா மாமா. ‘மேல இருந்து உனக்கு என்னா கொண்டு வரட்டும்’னாரு. ‘ஒன்னும் வேணாம், சளி புடிக்காம வந்து சேருங்க’ன்னேன். அவ்வளவுதான்.

— ஏதாச்சும் விட்டுட்டியா?

— விடுறதுக்கு என்னா இருக்கு. அந்த நாலு வார்த்ததான் எங்கிட்ட மிச்சம்.

— கேட்டியா, மலையில சமைச்சு முடிச்சப்ப அடுப்பு சூடா இருந்துச்சு பாரு, அதான் வென. பச்சத் தண்ணிய ஊத்தி அணச்சிருந்தா கையோட கட்டியிருப்பான்.

— சூட்டோட பொதியில வச்சா டென்ட்டு உருகிரும்னு நெனச்சிருப்பாரு. ஆறட்டும்னு பாறைக்கடியில வச்சிட்டு மத்த சாமானெல்லாம் கட்டியிருக்காரு. சாயங்காலம் டென்ட்டு அடிச்சப்புறந்தான் ஞாபகம் வந்திருக்கு. ‘இந்தா எடுத்துட்டு வந்துர்றேன்’னு பனிமூட்டத்துக்குள்ள போன மனுசன், இன்னும் வரல.

— சரி, விடு. பேசுனா பேசிக்கிட்டேதான் இருப்போம். மழ விட்டா விடியக் கெளம்பணும். அந்த மண்ணெண்ணப் போத்தல எடு.

— இந்தத் தடவ மண்ணெண்ண வேணாம் மாமா. இதப் பாருங்க.

— என்னாது, பம்பரமா?

— அடுப்பு.

— அடுப்பா. இதுல ஒரு முட்டைய அவிக்கலாமா?

— மூணு காலையும் விரிங்க. இப்பிடி. இந்த கேஸ் டின் மேல வச்சுத் திருகுங்க. நடுவுல ஊசி பட்டுச்சுன்னா உஸ்ஸுங்கும், பயப்படாதீங்க. ரெண்டு பேருக்கு சமைக்க இது தாராளம். கையில வச்சுப் பாருங்க, ஒரு எலுமிச்சங்கா கனம்.

— எலுமிச்சங்காய வச்சுக்கிட்டு மலையேறச் சொல்ற.

— முழங்கால் வீங்கிக் கெடக்குற ஆளு எலுமிச்சங்காயத் தூக்குனா போதும்.

— ரெண்டு பேருக்குன்னியே. யாரு அந்த ரெண்டாவது ஆளு?

— நாந்தான்.

— நீ வேணாம்.

— வாரேன் மாமா.

— அட்ட புடிக்கும்.

— தேயிலக் கொழுந்து மலையில பொறந்து வளந்த என்னயப் புடிக்காத அட்டையா மேல புதுசா இருக்கு? வேற ஏதாச்சும் சொல்லுங்க.

— காடு புள்ள அது. நல்ல பாத கெடையாது. பொம்பள ராத் தங்குற எடமில்ல.

— எங்க கடையில டென்ட்டு வாடகைக்கு வாங்கிக்கிட்டு எத்தன பொம்பளைங்க போறாங்க. நாந்தான் பொதி கட்டிக் குடுக்குறேன். ஒரு தடவகூட நான் போனதில்ல.

— ஓகோ. அப்ப இந்தப் பம்பரம் உன் மொதலாளி குடுத்ததா. அந்த றொக்சன்.

— ரெண்டு நாளைக்கு இரவல் குடுத்தாரு. ‘பெரியவருக்குக் கால் ஏலாதே, இத எடுத்துட்டுப் போங்க’ன்னாரு.

— ஹட்டன் டவுன்ல கடைய வச்சிக்கிட்டு அவனுக்கு என் கால்மேல என்னா அக்கற.

— உங்க கால்மேல இல்ல.

— தெரியும். வேதக்காரப் பய. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு நேரா இந்த லயத்து வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சானே, அப்பவே தெரியும். சீனி போடாமக் குடுத்தேன், அதையும் நல்லாருக்குன்னு குடிச்சான்.

— மாமா.

— என்னா கேட்டான்?

— கேட்டாரு. அவ்வளவுதான்.

— நீ என்னா சொன்ன?

— தாலியோட நிக்கிறவகிட்ட இதக் கேக்கலாமான்னேன். ‘கேக்கக் கூடாதுதான், ஆனா அவரு இருக்காரா இல்லையான்னு நீங்களே ஒரு நா தெரிஞ்சுக்கணுமில்ல’ன்னாரு. சரியாத்தான சொன்னாரு. அதுக்குத்தான் வாரேன். அந்தப் பாறைய, அந்தப் பாதைய என் கண்ணால பாக்கணும். பாத்துட்டு வந்து ஒன்னு இருக்காருன்னு இருப்பேன், இல்ல இல்லைன்னு இருப்பேன். நடுவுல நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு மாமா.

— நீ பாத்தா மட்டும் பாற வாயத் தொறக்குமா.

— தொறக்காட்டிப் போகுது. வாரேன்.

— புடிவாதத்துல அப்பிடியே என் தங்கச்சி. அவளும் இப்பிடித்தான், கொட்டுற மழையில ஒரு தடவ டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நடந்தே போறேன்னு போனா, உன்னயப் பெத்துக்க.

— அப்ப அம்மா மகள நம்புங்க. சாமானப் பாருங்க இப்ப. இந்த கேஸ் குளிருக்குச் சோம்பிப் போகும். ராத்திரி டின்ன உங்க கம்பளிக்குள்ள வச்சுக்கிட்டுப் படுக்கணும், அப்பத்தான் காலையில தேத்தண்ணிக்கு எரியும். காத்துக்கு இந்தத் தகட்ட நிறுத்தணும். முழுசாச் சுத்தி வளச்சிரக் கூடாது, டின் சூடேறி வெடிச்சிரும். ஒரு பக்கம் தொறந்தே இருக்கணும்.

— உங்க மொதலாளி பாடம் சொல்லித்தாரானா.

— டூரிஸ்ட்காரங்களுக்கு நாந்தான் மாமா சொல்லிக் குடுக்குறேன். அவரு கல்லாவுல இருப்பாரு.

— சரி, தின்ன என்னா கட்டியிருக்க?

— ரொட்டி சுட்டு மாசிச் சம்பல் அரச்சிருக்கேன், மொத நா மத்தியானத்துக்கு. பருப்ப இந்தப் போத்தல்ல போட்டுத் தண்ணிய ஊத்தி மூடிருவேன். நாம நடக்க நடக்க ஊறிக்கிட்டே வரும். சாயங்காலம் ஒரு கொதியில வெந்துரும், கேஸ் மிச்சம். சோத்த முந்தாநாளே ஆக்கி அடுப்புக்கு மேல காய வச்சிட்டேன். சுடுதண்ணிய ஊத்தித் துண்டச் சுத்தி வச்சா சோறு.

— காஞ்ச சோறா. கோழிக்கா போடப் போற?

— தின்னு பாருங்க அப்புறம் பேசுங்க. கனமே இல்ல.

— எனக்கு அது வேணாம். அரிசி எடு. ரெண்டு சுண்டு.

— பச்ச அரிசிய அங்க கொண்டு போயி ஆக்குனா கேஸ் பூராவும் அதுக்கே போயிரும் மாமா.

— போனாப் போகட்டும். புதுசா ஆக்குன சோறு வேணும். அந்தக் கருவாட்டுத் துண்டையும் வையி.

— நீங்கதான் கருவாடு தின்னமாட்டீங்களே.

— வையின்னா வையி.

— அது அவருக்குப் புடிச்சது.

— வழியில பாத்தாக் குடுப்பேன்ல.

— ...சரி. வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இதத்தான் சொல்றீங்க, நானும் வைக்கிறேன். ஆனா அரிசி ஒரு சுண்டுக்கு மேல ஏத்தமாட்டேன். உங்க தோளு தாங்காது.

— மண்ணெண்ணையும் வேணும். அந்தப் போத்தலக் குடுத்துரு.

— கேஸ் அடுப்பு இருக்கும்போது மண்ணெண்ண எதுக்கு மாமா?

— இருக்கட்டும். மேல காவக்காரன் குடிசையில அடுப்பு கெடக்கு, அதுக்கு ஊத்திக்கலாம். போன வருசமும் அதுக்கு முந்துன வருசமும் அப்பிடித்தான செஞ்சேன். அடுப்பச் சொமக்கவே வேணாம்.

— அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்.

— என்னாத்த?

— மேல குடிசையே இல்லைங்கிறாரு றொக்சன். காத்துல சாஞ்சு வருசக்கணக்காச்சாம். தகரத்தக்கூட எவனோ தூக்கிட்டுப் போயிட்டானாம். நம்ம கடையில இருந்து போறவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

— அவனுக்கு என்னா தெரியும். கல்லாவுல இருக்குற பய.

— வெறகு பத்தவைக்க விடமாட்டாங்க, காட்டு ஆபீஸ்காரங்க புடிப்பாங்க. குடிச இல்ல. பொதியில அடுப்பு இல்ல. வெறும் மண்ணெண்ணப் போத்தலத் தூக்கிக்கிட்டு போயி, ரெண்டு சுண்டு அரிசிய எதுல ஆக்குனீங்க?

— கொட வச்சிருக்கியா? சாரல் அடிக்கும்.

— மாமா. எதுல ஆக்குனீங்க?

— பையக் குடு இங்க. நானே கட்டிக்கிறேன்.

— இருங்க. இழுக்காதீங்க, கொட்டிரும். ...இந்தா, சூடமும் கெடக்கு. இது நான் வச்சது இல்ல.

— நீ வைக்க மறந்துட்ட, நான் வச்சேன். அடுப்புப் பத்தவைக்க.

— அடுப்புப் பத்தவைக்கன்னு சொல்லித்தான் ரெண்டு தடவையும் எங்கிட்டக் கேட்டு வாங்கிட்டுப் போனீங்க. மண்ணெண்ணத் திரி ஈரத்துல புடிக்காது, சூடத்த வச்சா புடிச்சுக்கும்னு. நானும் கடையில நல்ல சூடமாப் பாத்து வாங்கிக் கட்டிக் குடுத்தேன். இந்த அடுப்புக்கு அது வேணாமே. பட்டன அமுக்குனா பொறி விழும். விழாட்டி நெருப்புப் பெட்டி இருக்கு. கேஸுக்கு எதுக்கு மாமா சூடம்?

— மழக்காலம் புள்ள, கையில கெடக்கட்டும்.

— புதுசா ஆக்குன சோறு. அவருக்குப் புடிச்ச கருவாடு. சூடம். எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லுங்க.

— என்னாத்தச் சொல்ல.

— நீங்க அங்க தேடப் போகல.

— மொத தடவ தேடத்தான் போனேன் புள்ள. சத்தியமா. உன் தலமேல அடிச்சுச் சொல்றேன்.

— என் தலையில அடிக்காதீங்க. என்னா நடந்துச்சுன்னு சொல்லுங்க.

— நம்ம ஆளுங்களும் பொலிஸும் தேடுனது எந்தப் பக்கம்?

— மேக்கால. அடுப்ப எடுத்துட்டு டென்ட்டுக்குத் திரும்பி வரும்போது பனியில வழி தப்பி மேக்கால எறங்கியிருப்பாருன்னு. பாறைக்கடியில அடுப்பு இல்லைன்னு கூடப் போன வழிகாட்டிப் பையன் சொன்னான்ல.

— அவன் வேற பாறையப் பாத்துட்டு வந்து சொல்லியிருக்கான். நான் ஊத்து ஓரமாவே போனேன். அவன் சமைச்சா தண்ணிக்குப் பக்கத்துலதான் சமைப்பான், உனக்கே தெரியும். அங்க ஒரு பாற, சாஞ்சு கெடக்கும். அதுக்கடியில இருந்துச்சு.

— அடுப்பு.

— அடுப்புதான். அவன் வச்சது வச்ச மாதிரி. சூடு ஆறட்டும்னு ஒரு துணிய மடிச்சு அடியில குடுத்து வச்சிருக்கான். அந்தத் துணிகூட நகரல.

— அப்பன்னா அவரு அதுவரைக்கும் வரவே இல்ல.

— வரல.

— டென்ட்டு அடிச்ச எடத்துக்கும் அந்தப் பாறைக்கும் நடுவுல என்னா இருக்கு?

— வேணாம் புள்ள.

— என்னா இருக்கு மாமா?

— பள்ளம். பாத அதோட விளிம்புலதான் போகுது. புல்லு மூடிக் கெடக்கும், கால வைக்கிற வரைக்கும் தெரியாது. நான் ஒரு கல்லத் தூக்கிப் போட்டுப் பாத்தேன். காத வச்சுக்கிட்டு நின்னேன். விழுந்த சத்தம் வரல. ஏய் புள்ள, அழாத. அழுதுரு. ரெண்டுல ஒன்னச் செய்யி, இப்பிடி முழிச்சுக்கிட்டு நிக்காத.

— யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?

— காட்டு ஆபீஸ்ல போயிச் சொன்னேன். கயிறு கட்டி எறங்குற எடமில்ல, அந்த மழைக்கு அங்க ஒன்னும் மிஞ்சியிருக்காதுன்னுட்டாங்க. சிங்களத்துல சொன்னாங்க. எனக்கு அத்தன சிங்களம் புரியாது, இது புரிஞ்சிருச்சு.

— எங்கிட்ட மட்டும் சொல்லல.

— எறங்கி வந்தேன். நீ வாசல் இஸ்தோப்புல நின்ன. குளிச்சு, பொட்டு வச்சு, பூ வச்சு. ‘ஏதாச்சும் தெரிஞ்சுச்சா மாமா’ன்ன. நான் பொதிய எறக்கி வச்சிட்டு ‘இல்ல’ன்னேன். அந்த இல்லைய அப்புறம் திருப்பி எடுக்க ஏலல.

— அதனால அடுத்த வருசமும் போனீங்க. தேடப் போறேன்னு.

— அவனுக்கு யாரு வைக்கிறது? அவன் அடுப்பு அங்கதான் கெடக்கு. மண்ணெண்ண ஊத்தி, அதுலயே சோறாக்கி, கருவாட்டச் சுட்டு, ருசி பாக்காம எடுத்து எலையில வச்சு, சூடத்தக் கொளுத்துனேன். காத்துல நிக்குது அது, நல்ல சூடம். கடேசியா காக்காகூட வரல அந்தப் பனியில. நானே ஒக்காந்து தின்னேன். எனக்குக் கருவாடு எறங்காது, இருந்தாலும் தின்னேன்.

— என் கையால அரிசி அளந்து குடுத்தேன். கருவாட்டக் கழுவிக் கட்டிக் குடுத்தேன். என் புருசனுக்கு நானே படையலுக்குச் சாமான் கட்டிக் குடுத்துட்டு, அவரு வருவாருன்னு வாசல்ல நின்னிருக்கேன்.

— கட்டிக் குடுத்தியே. நீயும் சேந்து வச்ச மாதிரிதான்னு நான் மனசத் தேத்திக்கிட்டேன்.

— நீங்க தேத்திக்கிட்டீங்க. நான்? லயத்துல என்னா பேசுனாங்க தெரியுமா. அந்தக் கூட்டத்துல இருந்த ஒரு வெள்ளக்காரி மறுநாளே நானுஓயாவுல ரயில் ஏறிட்டாளாம், இவரும் அவ பின்னாடியே போயிட்டாராம். தண்ணி புடிக்கிற பீலியில என் காது கேக்கச் சொன்னாளுக. எனக்குக் கோவமே வரல மாமா. சந்தோசமா இருந்துச்சு. எவளோடயோ எங்கயோ இருக்கட்டும், மூச்சு விட்டுக்கிட்டு இருக்கட்டும்னு. அப்பிடி ஒரு நெனப்புல என்னய விட்டு வச்சீங்க.

— நீ சந்தோசமா இருந்தது எனக்குத் தெரியும். அதான் வாயெழவே இல்ல.

— சொல்லியிருந்தா அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேன். இப்ப முதல்ல இருந்து அழணும்.

— திட்டு. நல்லா வாய் நெறையத் திட்டு. உன் அம்மா இருந்தா இந்நேரம் வெளக்குமாத்த எடுத்திருப்பா.

— திட்டி என்னா ஆகப் போகுது. கால நீட்டுங்க. அந்த வீக்கத்தோட நின்னுக்கிட்டே இருக்கீங்க. ஒக்காருங்க.

— ஒக்காந்துட்டேன்.

— நாளைக்கு நானும் வாரேன். இதுக்கு மேல வேணாம்னு சொன்னீங்கன்னா நான் தனியாப் போவேன்.

— சொல்லல. வா. பாறைக்கு இந்தப் பக்கமே நின்னுக்கணும், அது மட்டும் கேளு.

— நிக்கிறேன். நாந்தான் ஆக்குவேன். அவரு அடுப்புல இல்ல, இதுல. அந்த அடுப்பு போதும், அதுக்காகப் போனவரு போயிட்டாரு. அரிசி ரெண்டு சுண்டும் எடுத்துக்கிறேன். கேஸ் இன்னொரு டின் வைக்கிறேன்.

— கனம் கூடுமே.

— நான் தூக்குறேன்.

— அப்புறம் எறங்கி வந்து என்னா செய்யப் போற?

— தெரியல. மொதல்ல இந்தத் தாலிய என்னா செய்யிறதுன்னு தெரியணும்.

— மேலயே கழட்டி வச்சிரு, அவன்கிட்ட. பொம்பளைங்கள கூட்டி வச்சு ஒப்பாரி வச்சு வளையல ஒடைக்கிறதெல்லாம் வேணாம். உன்னய அப்பிடி நிக்க வச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. எறங்கி வந்ததும் அந்த வேதக்காரனுக்கு ஒரு போனப் போடு.

— இன்னைக்குப் போயி இதச் சொல்றீங்களே மாமா.

— இன்னைக்கு விட்டா அப்புறம் என் வாயி மூடிக்கும். நல்ல பையன். சீனி இல்லாத தேத்தண்ணிய முகஞ்சுளிக்காமக் குடிச்சான். கட்டிக்க. ஹட்டனுக்கே போயிரு. இந்த லயத்துக் காம்பராவுல ஒழுகுற கூரைக்குக் கீழ எனக்காக ஒன்னும் கெடக்க வேணாம்.

— உங்களுக்கு யாரு சோறாக்குறது?

— எனக்குத்தான் ரொட்டி சுடத் தெரியுமே.

— ஒரு பக்கம் கருக்கி.

— கருக்குனாத்தான் ருசி. ...நிஷாந்தி.

— சொல்லுங்க.

— நீ போயிருவன்னுதான் நான் சொல்லாம விட்டேன்னு நெனச்சிக்காத. அதுவும் கொஞ்சம் உண்டு, இல்லைங்கல. ஆனா அது மட்டும் இல்ல. அந்த மொதப் படையல் அன்னைக்கு, பாறையில ஒக்காந்து தின்னுக்கிட்டு இருக்கும்போதே உங்கிட்ட ஒன்னு கேக்கணும்னு தோணுச்சு. கேட்டா அவன் போயிட்டான்னு ஆயிரும். அதான் முழுங்கிக்கிட்டே இருந்தேன்.

— என்னான்னு சொல்லுங்க மாமா. இன்னிமே முழுங்குறதுக்கு என்னா இருக்கு.

— பொம்பளப்புள்ள செய்யக் கூடாதும்பாங்க. கங்காணி வீட்டாளுங்க சிரிப்பாங்க. றொக்சன் வீட்டுலயும் ஒத்துக்கமாட்டாங்க. நீ எவன் வீட்டுல இருந்தாலும் சரி, மருமகளா வர வேணாம்.

— மாமா, கேளுங்க.

— நான் போற அன்னைக்கு எனக்கு மகனா வந்து என் கொள்ளிக்கொடத்தத் தூக்குவியா?